நாலு வருஷம் என்ன செய்தாய்?

ஹெச்.ஆரா நீங்கள்? அதான் பார்த்தேன். கழுத்தில் ஐடி கார்டுப் பட்டை, மடியில் லேப்டாப், உதட்டில் பாதிச் சிரிப்பு. என் பையை இப்படி நகர்த்துகிறேன், நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். ஓசூருக்கு இன்னும் நேரம் இருக்கிறது, தருமபுரியே வரவில்லை. ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபித்துக்கொண்டாலும் எனக்குக் கவலையில்லை.

ஒரு பெண் வேலை கேட்டு வருகிறாள். படித்திருக்கிறாள், முன்னே வேலை பார்த்திருக்கிறாள், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறாள். நடுவில் நாலு வருஷம் வேலையில் இல்லை. அதை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டு அப்படிக் குடைகிறீர்கள், பல் டாக்டர் சொத்தைப் பல்லைக் குடைகிற மாதிரி? “இந்த நாலு வருஷம் என்ன பண்ணீங்க?” என்ன பண்ணியிருப்பாள்? உயிரோடு இருந்தாள். போதாதா?

நீங்களும் கேட்பீர்களா? கேட்பீர்கள். முகத்திலேயே தெரிகிறது. சரி, உங்கள் பிழைப்பு. ஆனால் அந்த ஒரு கேள்வியால் என் வீடு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொண்டு கேளுங்கள்.

என் மகள் பெயர் தாரணி. ஒரே பெண். இன்ஜினியரிங் முடித்துக் கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் இருந்தாள். அப்புறம் கல்யாணம். மாப்பிள்ளை சபரிநாதன், ஈரோட்டில் மருந்து ஏஜென்சி. நான்தான் பார்த்துப் பிடித்தேன். அவ்வளவு பணிவு. எங்கள் வீட்டில் சாப்பிட்டால் தட்டை அவனே எடுத்துப் போய்க் கழுவுவான். “பாருங்க, பிள்ளைன்னா இது” என்று என் வீட்டுக்காரரிடம் காட்டிக் காட்டிச் சொன்னேன்.

கல்யாணமான அடுத்த மாதமே வேலையை விடச் சொன்னான். விட்டாள். அதற்கடுத்த மாதம் அடித்தான். ரசத்தில் உப்பு அதிகம் என்று அடித்திருந்தால் உப்பைக் குறைத்துக்கொள்ளலாம். போனை எடுக்கக் கொஞ்சம் தாமதமாம். “அதுவரைக்கும் எவன்கூடப் பேசிட்டிருந்த?” கன்னத்தில் அறை. பிறகு பெல்ட். பிறகு பெல்ட்டைத் திருப்பிப் பிடித்து, இரும்பு இருக்கிற பக்கத்தால். ஒரு தடவை அவள் கை நிலைப்படியில் இருக்கும்போதே கதவைச் சாத்தினான். “வேணும்னா பண்ணேன்? கையை எடுக்க வேண்டியதுதானே” என்று என்னிடமே போனில் சொல்கிறான், மிருகம்.

எனக்குப் போன் செய்து அழுவாள். எந்தத் தாயும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். “கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ தாரணி. ஒரு குழந்தை பொறந்தா சரியாயிடும்.” இரண்டு தடவை பெட்டியோடு வந்தாள். இரண்டு தடவையும் நானே கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தேன். அப்படிப் பார்க்காதீர்கள். குடும்பம் என்றால் ஒரு டிசிப்ளின் வேண்டும். நான் மலைமேல் ஒரு கான்வென்ட் ஹாஸ்டலில் வளர்ந்தவள். தமிழில் ஒரு வார்த்தை பேசினால் விரல் கணுவில் ஸ்கேல் விழும், அதுவும் தட்டையாக இல்லை, ஓரத்தால். அடிக்கும்போது சிஸ்டர் முகத்தில் துளி கோபம் இருக்காது. ஜெபம் சொல்கிற மாதிரி அடிப்பார்கள். அதனால்தான் இன்றைக்கு நான் இப்படி நாலு பேர் முன்னால் நிமிர்ந்து பேசுகிறேன். வெறியில் அடிப்பது வேறு, அக்கறையில் அடிப்பது வேறு. அந்த வித்தியாசம் தெரியாமல் இப்போது ஆளாளுக்குப் பேசுகிறார்கள்.

ஆனால் நான் கோழை இல்லை. அதையும் கேளுங்கள்.

போன வருஷம் பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு ஈரோடு போனேன். கதவு திறந்தே இருந்தது. உள்ளே போனால் சமையலறைத் தரையில் இவள் கிடக்கிறாள். அவன் இவள் தலைமுடியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அப்போதுகூட நிதானமாகத்தான் கேட்டேன். “என்ன மாப்பிள்ளை இது?” திரும்பி என்னைப் பார்த்து, “உனக்கென்ன இங்க வேலை? வெளிய போ கிழவி” என்றான்.

கிழவி!

எனக்கு ஐம்பத்தொன்று. நீங்களே சொல்லுங்கள், பார்த்தால் தெரிகிறதா?

மேடையில் குக்கர் கவிழ்த்து வைத்திருந்தது, ஐந்து லிட்டர், நான் சீதனமாகக் கொடுத்தது. கைப்பிடியைப் பிடித்தேன், வீசினேன். வாயில் பட்டது. பல் இரண்டு கொட்டிக் கொழகொழவென்று ரத்தம். கையை நீட்டிக்கொண்டு வந்தான். அந்த மணிக்கட்டில் ஒன்று. முருங்கைக்காய் ஒடிக்கிற சத்தம் கேட்டது. கீழே உட்கார்ந்து “அம்மா” என்று கத்தினான். “வந்துட்டேன்டா” என்று இன்னொன்று வைத்தேன். சட்டினி தெறித்த மாதிரிச் சுவரெல்லாம் சிவப்பு. என் பட்டுப் புடவையில்கூட. டிரை கிளீனிங்கில் மூன்று தடவை கொடுத்தும் போகவில்லை. போலீஸில் இரண்டு பக்கமும் பேசி, கேஸ் வேண்டாம், டைவர்ஸ் கொடுத்துவிடுகிறேன் என்று எழுதிக் கொடுத்தான். வாயில் கட்டோடு, இடது கையால்.

ஊருக்கு வரும் வழியெல்லாம் பஸ்ஸில் தாரணி என் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அம்மா என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பாள், பாவம்.

வீட்டுக்கு வந்தவள் அறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டாள். ஒரு வாரம் பார்த்தேன். பிறகு தாழ்ப்பாளையே கழற்றி எறிந்தேன். எத்தனை நாளைக்கு மூலையில் கிடப்பாள்? வேலைக்குப் போ, நாலு மனுஷரைப் பார், எல்லாம் சரியாகும் என்று நானே உட்கார்ந்து விண்ணப்பம் போட்டேன்.

முதல் இன்டர்வியூ சேலத்திலேயே, ஒரு நூற்பாலை ஆபீஸில். நாலு வருஷம் என்ன பண்ணீங்க? இவள் நேராகச் சொல்லிவிட்டாள், வீட்டுக்காரர் அடித்தார், வேலைக்கு விடவில்லை, இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன் என்று. மூன்று பேரும் உச்சுக் கொட்டி, டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பினார்கள். பரிதாபத்துக்கு டீதான் கிடைக்கும், வேலை கிடைக்காது. அடுத்த இடத்தில் ‘குடும்பச் சூழ்நிலை’ என்றாள். “மறுபடி அந்தச் சூழ்நிலை வராதுன்னு என்னங்க நிச்சயம்?” என்று ஒருத்தன் கேட்டிருக்கிறான். இவள் மேஜையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மேஜையிலா எழுதியிருக்கிறது?

இது சரிப்படாது என்று நானே கையில் எடுத்தேன்.

எங்கள் சாப்பாட்டு மேஜைதான் இன்டர்வியூ அறை. எதிரே நான் கம்பெனி. பதிலையும் நானே தயாரித்தேன், ஆங்கிலத்தில், கேட்டால் நீங்களே கை தட்டுவீர்கள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘அது நானே திட்டமிட்டு எடுத்துக்கொண்ட இடைவேளை. அந்தக் காலத்தில் என் திறமைகளை வளர்த்துக்கொண்டேன். இப்போது முழு மனதோடு திரும்பி வந்திருக்கிறேன்.’ பொய்யும் இல்லை. ஆன்லைனில் இரண்டு கோர்ஸ் முடிக்க வைத்திருந்தேன்.

மற்றதெல்லாம் தண்ணீர் மாதிரிச் சொல்வாள். ‘நானே’ என்கிற இடம் வந்தால் மாடு மாதிரி நின்றுவிடுவாள்.

“சொல்லு.”

“அது… திட்டமிட்டு எடுத்துக்கிட்ட…”

“யார் திட்டமிட்டு?”

மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டுவாள்.

“யார்டி திட்டமிட்டு?”

“நான் எடுக்கலியேம்மா.”

“எடுத்தேன்னு சொல்லு! நாக்கு தேய்ஞ்சா போயிடும்? கையை நீட்டு.”

நீட்டுவாள். ஓரத்தால் ஒன்று, கணுவில். “இப்ப சொல்லு.” சொல்ல மாட்டாள். இன்னொன்று. மர ஸ்கேல் ஒடிந்துபோயிற்று, அப்புறம் ஸ்டீல் ஸ்கேல் வாங்கினேன். தோல் உரிந்தால் நானே மஞ்சள் வைத்துக் கட்டுவேன். அந்த அக்கறையும் எனக்குத்தான். என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, கூட்டுறவு பாங்கியில் இருந்து ரிட்டயர் ஆனவர், ஸ்கேலைக் கண்டதும் ஸ்கூட்டருக்குக் காற்றடிக்கக் கிளம்பிவிடுவார். அந்த டயர்களில் இருந்த காற்று சேலம் டவுனில் எந்த வண்டியிலும் இருந்திருக்காது.

இவ்வளவு பாடுபட்டு அடுத்த இன்டர்வியூவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி அறை. வெளியே சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அந்த ஆள் ஏதோ கேட்டுவிட்டு, தண்ணீர் கொண்டு வரச் சொல்லக் கையைத் தூக்கினான். அவ்வளவுதான். இவள் இரண்டு கையையும் மேஜைக்கடியில் ஒளித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள், கோழி பதுங்குகிற மாதிரி. அந்த ஆள் பயந்துவிட்டான். எல்லாம் சபரிநாதன் போட்ட பயம். ஒரு மனிதன் ஒரு பெண்ணை எப்படி ஆக்கிவிட்டுப் போகிறான் பாருங்கள்!

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு லிஃப்டிலேயே வைத்து ஒன்று கொடுத்தேன். உதடு லேசாகக் கிழிந்தது. லிஃப்டில் கண்ணாடி இருந்தது. வேறு எவளாக இருந்தாலும் தன் உதட்டைப் பார்ப்பாள். இவள் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கீழே வந்து கதவு திறக்கும்வரை.

தண்ணீர் வேண்டுமா? இல்லையா? சரி.

கடைசியாக இந்த ஓசூர் கம்பெனி. வீடியோவில் இன்டர்வியூ. இது கடவுள் கொடுத்த வழி என்று நினைத்தேன், ஏனென்றால் கூடவே நானும் இருக்கலாம் இல்லையா? மேஜைமேல் லேப்டாப். அவளுக்குப் பின்னால் வெள்ளைச் சுவர். கேமராவில் விழாமல் பக்கத்தில் முக்காலி போட்டு நான், கையில் ஸ்கேல். முன்கூட்டியே சொல்லிவைத்தேன். முழங்காலில் லேசாகத் தட்டினால் சிரிக்க வேண்டும். அழுத்தினால் பேச்சை நிறுத்த வேண்டும். ஓங்கி விழுந்தால் உளறுகிறாள் என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் அன்றைக்கும் காற்றடிக்கப் போய்விட்டார்.

கேள்வி கேட்டது ஒரு அம்மாள், பெயர் வசுந்தரா. வெட்டின நரைமுடி, சாயம்கூடப் பூசவில்லை, பொட்டில்லை. அரை மணி நேரம் டெக்னிக்கலாகக் கேட்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தாரணி பேசுகிற வேகத்தைப் பார்த்தால் எல்லாம் சரியென்று தெரிந்தது. அந்த அம்மாள் இரண்டு தடவை சிரித்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. பிறகு கேட்டாள்.

“கோயம்புத்தூர் வேலையை விட்டப்புறம் நாலு வருஷம் எங்கயும் இல்லையே தாரணி. அப்ப என்ன பண்ணீங்க?”

ஸ்கேலை அவள் முழங்கால்மேல் வைத்தேன், ஞாபகப்படுத்த. அவள் குனிந்து ஸ்கேலைப் பார்த்தாள். நிமிர்ந்து திரையைப் பார்த்தாள்.

“என்னை அடிக்கிற வீட்டுல இருந்தேன் மேடம். வேலைக்குப் போக முடியல.”

ஓங்கி ஒன்று வைத்தேன். முட்டியில். கல்லாக இருந்தால்கூடச் சத்தம் போட்டிருக்கும். இவள் இமைக்கவில்லை.

அந்த அம்மாள் உச்சுக் கொட்டவில்லை. “சரி. அங்கிருந்து எப்ப வெளிய வந்தீங்க?”

“போன வருஷம் ஜனவரியில.”

“அதுக்கப்புறமும் ஒரு வருஷத்துக்கு மேல இருக்கு. அதுக்கு என்ன காரணம்?”

இன்னொன்று வைத்தேன், இந்தத் தடவை ஓரத்தால். கோர்ஸைச் சொல்லுடி, கோர்ஸைச் சொல்லு என்று வாயசைத்தேன். சர்ட்டிஃபிகேட்டையே தூக்கிக் காட்டினேன்.

“அதுக்கும் அதே பதில்தான் மேடம்.”

பார்த்தீர்களா அலட்சியத்தை? அதே பதிலாம்! எவ்வளவு சுலபமான கேள்வி. அடித்து ஆட வேண்டிய பந்து. இரண்டு கோர்ஸ், இரண்டு சர்ட்டிஃபிகேட், நான் கண் விழித்துத் தயாரித்த பதில், எல்லாம் கையில் இருக்கிறது. ‘அதே பதில்’ என்று சோம்பேறித்தனமாக முடித்துவிட்டாள். அதே பதில் எப்படிச் சரியாகும்? அந்த வருஷம் முழுக்க அவள் என்னோடு அல்லவா இருந்தாள்? புருஷன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லையே! நீங்கள் ஹெச்.ஆர், நீங்களே சொல்லுங்கள், இது ஒரு பதிலா?

ஏன் என் கையையே பார்க்கிறீர்கள்? அந்த அம்மாள் கேமராவுக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “தாரணி, இப்ப அந்த ரூம்ல உங்ககூட யாராவது இருக்காங்களா?” என்றாள். இல்லை என்று சொல் என்று நான் தலையை ஆட்டினேன்.

“இருக்காங்க மேடம். எங்கம்மா.”

லேப்டாப்பை அடித்து மூடினேன். விரல்கள் உள்ளே இருந்தன. நான் வேண்டுமென்றா செய்தேன்? கையை எடுக்க வேண்டியதுதானே? இரண்டு நகம்தான் கறுத்தது. அதுவும் வளர்ந்துவிடும்.

அழுவாள் என்று நினைத்தேன். கையை மெல்ல வெளியே எடுத்தாள். “முடிஞ்சுதாம்மா?” என்றாள்.

“முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது. இனி எவன் உனக்கு வேலை குடுப்பான்?”

கொடுத்துவிட்டார்களே! எனக்குத் தெரியாது. அவள் போனுக்கு வந்திருக்கிறது, அவள் என்னிடம் சொல்லவில்லை. அந்த வாரமே ஒரு நாள் காலையில் நான் குளித்துவிட்டு வருகிறேன், அறை காலி. மாற்றுத் துணி இல்லை, லேப்டாப் இல்லை. ஸ்கூட்டரும் இல்லை. என் வீட்டுக்காரர் சாவகாசமாக வருகிறார்.

“தாரணி எங்க?”

“பஸ் ஏத்திவிட்டேன்.”

“எந்த ஊருக்கு?”

“வேலை கெடச்சிருக்கு அவளுக்கு. விடு.”

விடு! முப்பது வருஷத்தில் இந்த மனிதர் என்னிடம் ‘சாம்பார் போதும்’ என்பதைத் தவிர ஒரு வார்த்தை சொன்னதில்லை. எனக்கு விடு என்று சொல்கிறார். மேஜையில் சோறு போட்டு வைத்திருந்த டிபன் கேரியர் என் கைக்கு எட்டியது. எறிந்தேன். நெற்றி பிளந்தது. ரத்தத்தில் நனைந்த சோற்றுப் பருக்கை மூக்கிலிருந்து சட்டையில் விழுகிறது, அதைக்கூடத் தட்டிவிடாமல் நின்றார். பிறகு துண்டைக் கட்டிக்கொண்டு அவரே ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கிருந்து அப்படியே அவர் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறார். தையல் பிரித்ததும் வந்துவிடுவார். எங்கே போவார்?

அதனால்தான் இன்றைக்கு இந்தப் பஸ். எந்தக் கம்பெனி என்று எனக்குத் தெரியாதா? திரையில் பெயரைப் பார்த்தேனே. நேராகப் போய் வரவேற்பறையில் உட்காரப் போகிறேன். தாரணியைக் கூப்பிடச் சொல்வேன். அந்த வசுந்தராவையும் பார்க்க வேண்டும். அன்றைக்கு என் பெண் சொன்னது தப்புப் பதில், சரியான பதில் இது என்று எல்லோர் முன்னாலும் நானே சொல்லிவிட்டு வர வேண்டும். தப்புப் பதிலை வைத்துக்கொண்டு எத்தனை நாள் அந்த வேலையில் இருப்பாள்? ஓசூரிலேயே ஒரு வீடு பார்த்து நானும் கூட இருந்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். கீழே லக்கேஜில் இருக்கிறதே இரண்டு பெரிய பெட்டி, என்னுடையதுதான். அவளால் தனியாகவெல்லாம் இருக்க முடியாது. கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியாத பெண்.

கிருஷ்ணகிரி தாண்டிவிட்டோம் போலிருக்கிறது. உங்கள் போனைக் கொஞ்சம் தருகிறீர்களா? என் போனிலிருந்து போட்டால் ஒரு மணி அடித்து நின்றுவிடுகிறது, அவள் போனில் ஏதோ கோளாறு. நம்பர் எனக்கு மனப்பாடம். கொடுங்கள், ஒரே நிமிஷம். …மணி அடிக்கிறது. பாருங்கள், உங்கள் போனில் அடிக்கிறது!

“ஹலோ? தாரணி பேசறேன்.”

“தாரணி, அம்மாடி.”

…

வைத்துவிட்டாள். கேட்டீர்களா அந்த ‘ஹலோ’வை? என்ன துள்ளல்! பக்கத்தில் யாரோ பெண்கள் சிரிக்கிற சத்தம். இவளும் சிரித்துக்கொண்டேதான் எடுத்தாள். நான் பேசினதும் அந்தச் சிரிப்பு நின்றது. அப்புறம் ‘ராங் நம்பர்’ என்கிறாள். பெற்றவள் குரலா ராங் நம்பர்? டவர் சரியில்லை இந்த இடத்தில். மலை வருகிறது அல்லவா, அதுதான் குரல் மாறிக் கேட்டிருக்கும்.

இந்தாருங்கள் உங்கள் போன். ஏன் எழுந்துவிட்டீர்கள்? ஓசூர் இன்னும் வரவில்லையே. முன்னால் நிறைய இடம் இருக்கிறதுதான், ஆனால் டிரைவர் பக்கத்தில் சூடு அடிக்கும். ஓ, மறுபடி அவளுக்கா போடுகிறீர்கள்? எனக்காகவா? நல்ல மனசு உங்களுக்கு, இந்தக் காலத்தில் யார் இப்படிச் செய்வார்கள்? அங்கே டவர் கிடைக்கிறதாக்கும். வாயை ஏன் கையால் மூடிக்கொண்டு பேசுகிறீர்கள், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. எடுத்துவிட்டாளா? என் மகள்தானே? நான் இந்தப் பஸ்ஸில்தான் வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டீர்களா?

சொல்லுங்கள், சொல்லுங்கள். சந்தோஷப்படுவாள்.